தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் பெயர் சொல்லுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், குழந்தைகள் தாமே தொட்டுச் செய்து கற்கிற ஒரு மாண்டிசோரி மழலையர் பள்ளியில் கல்லூரிப் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். பயிற்சி மாணவிக்கு அங்கே முதல் வேலை, சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பதும் பார்த்ததை எழுதுவதும்தான். குழந்தை தடுமாறினால் ஓடிப்போய்க் கைகொடுக்கக் கூடாது. இது எவ்வளவு நல்ல விதி என்பது பார்க்கப் பார்க்கத்தான் புரிகிறது.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் துவரம்பருப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். பாதி பாயில் சிந்திவிட்டது. அழவில்லை, யாரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கடைசிப் பருப்பு கோரைக்கு நடுவே செருகிக்கொள்ள, அதை நகத்தால் நெம்பி எடுத்த பிறகுதான் எழுந்தாள். பென்சில் பிடிக்கும் விரல்கள் இப்படித்தான் தயாராகின்றன. "இன்னும் ஏபிசிடி எழுதவில்லையே" என்று வாசலில் வந்து கேட்கிற பெற்றோர் ஒருநாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. அந்த வகுப்பில் பெரும்பாலான குழந்தைகளின் வீட்டில் பேசுவது தமிழ். சித்தூர் தாலுகாவில் இது புதிதல்ல. அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகளே இருக்கின்றன. தெருவில் மலையாளம் தானாக வந்துவிடுகிறது. வகுப்புக்குள் மட்டும் எல்லாம் ஆங்கிலம்.

இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒரு சாதனம். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள். கையால் தூக்கி, கண்ணால் அளந்து, அதன் பிறகு பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டும்: இது பெரியது, இது சிறியது. அடுத்து, பெரியதைக் காட்டு. கடைசியாக, இது என்ன? அதே சிறுமியிடம் இதை ஆங்கிலத்தில் கேட்டபோது வாயே திறக்கவில்லை. சற்று நேரத்தில் தோழியிடம், "இது குட்டி, இது அதைவிடக் குட்டி, இதுதான் இருப்பதிலேயே குட்டி" என்று வரிசையாக எடுத்துக் காட்டினாள். முழுப் பாடமும் அவளுக்குள் இருந்தது. குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே 'பதில் இல்லை' என்று பதிவாகிவிட்டது. எனக்கு மனசே ஆறவில்லை.

இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி நடத்தியபோது, தம் தாய்மொழியான இத்தாலியத்தில்தான் பேசினார். மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அறுபத்தொன்பது வயது அறிஞருக்கே தாய்மொழி வேண்டியிருந்தது என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்!

"தமிழ்தான் வீட்டிலேயே வருகிறதே, அதற்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று ஓர் அப்பா கேட்டார். அவர் கவலை நியாயமானது. கோயம்புத்தூரில் நல்ல வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது அவர் பட்டு அறிந்தது. ஆங்கிலத்தை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை. தொட்டு அறிந்ததற்கு முதல் பெயர் வீட்டு மொழியில் இருக்கட்டும், ஆங்கிலப் பெயர் அதன்மேல் வந்து உட்காரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

விரலால் தடவிப் பழகும் எழுத்துப் பலகைகளும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. தமிழுக்குச் செய்யப் பெரிய செலவில்லை: பிளைவுட், உப்புத்தாள், பசை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 பலகைகள். வெட்டி ஒட்டித் தர நான் தயார் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தாருங்கள், டீச்சர்.