முதல் வண்டி போன பிறகு

வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் என் வாழ்நாளில் எத்தனை மணி நேரம் கரைந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை. துறைமுகத்துச் சரக்கு வண்டி, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில், வடக்கே போகும் விரைவு வண்டி என்று அடுத்தடுத்து வருவதால், ஒருமுறை மூடிய கேட் பல நேரங்களில் இரண்டு மூன்று வண்டிகள் கடந்த பிறகுதான் திறக்கிறது. அதனால், கட்டைக்கு அடியில் குனிந்து போகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எட்டு மணிக்கு வேலையில் நிற்காவிட்டால் அரை நாள் கூலி போய்விடும் என்பவருக்கு இருபது நிமிடம் சிறிய விஷயமன்று.

ஆனால் அவர்கள் அஞ்சுவது கண்ணுக்குத் தெரிகிற வண்டிக்கு. ஆளைக் கொல்வது பெரும்பாலும் தெரியாத வண்டி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நீண்ட சரக்கு வண்டி ஒன்று போய் முடிந்தது. கடைசிப் பெட்டி நகர்ந்ததுமே, தலையில் மீன்கூடையுடன் நின்ற ஓர் அம்மா கட்டைக்கு அடியில் நுழைந்து விறுவிறுவென்று நடந்தார். “யக்கா, நில்லு! இந்தாண்ட இன்னொண்ணு வருது!” என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். அந்த அம்மா நின்ற வேகத்தில் கூடை சரிந்து, ஜல்லிக்கல் மேல் காரப்பொடி மீன் சிதறியது. மறுகணமே எதிர்த்தடத்தில் மின்சார ரயில் கடந்து போனது. யாரும் எதுவும் பேசவில்லை.

இதில் அவருடைய கவனக்குறைவு மட்டும் இல்லை. போகிற வண்டி எதிரே வருகிற வண்டியை மறைத்துவிடுகிறது. அதன் இரைச்சல் மற்றதன் ஹாரனையும் விழுங்கிவிடுகிறது. பெரிய பொருள் மெதுவாக வருவதுபோல் தோன்றுவது நம் கண்ணின் இயல்பு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. இரண்டு தடங்களைத் தாண்ட ஏழு நொடி ஆகுமென்றால், அதற்குள் அது 175 மீட்டர் வந்துவிடும். ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டாலும் பயனில்லை. வேகமாக வரும் கனத்த வண்டி அவசர பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஓரமாக நின்றால் போதும் என்பதும் தவறு. பெட்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் இரண்டடிக்கு மேல் நீண்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டிக்கு அடியில் புகுந்து போவது இதைவிட மோசம், அது எப்போது இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அவசரத்தில் இருப்பவனை இது தடுத்து நான் பார்த்ததில்லை.

கேட் திறந்திருந்தாலும் இருபுறமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட் அப்போது சிக்னலுடன் இணைக்கப்படாததாக இருந்தது. இணைக்கப்பட்ட கேட்டில், கட்டை முழுவதும் இறங்காமல் ரயிலுக்குப் பச்சை விளக்கு எரியாது. நாம் நிற்கும் கேட் எந்த வகை என்பது சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. நீங்கள் போகும் வாகனம் தண்டவாளத்தின் நடுவே நின்றுபோனால் அதைத் தள்ளிக்கொண்டிருக்காமல், முதலில் எல்லோரையும் இறக்கி விலகிப் போகச் செய்துவிட்டு, கேட்கீப்பரிடம் ஓடுங்கள். ரயில்வே உதவி எண் 139.

மேம்பாலம் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன். ஆனால் பேசப்படும் பாலங்கள் பெரும்பாலும் வாகனங்களுக்கானவை. நடப்பவர்களுக்குச் சரிவுப்பாதையுடன் ஒரு சுரங்கவழி வேண்டும். சுமையோடு வருகிறவர் நாற்பது படி ஏறமாட்டார். அந்த மீன்கார அம்மாவை இப்போதும் கேட்டில் பார்க்கிறேன். கூடையைத் தரையில் இறக்கிவைத்து, கட்டை முழுவதும் மேலே போகும்வரை உட்கார்ந்திருக்கிறார். கூடையிலிருந்து ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது, அந்த நட்டம் மட்டும் அவருடையதாக.