இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம்!

அலுவலக வீடியோ காலில் ஓர் அதிகாரி, கீழே வேலை பார்ப்பவரை மற்றவர்கள் முன்னால் கத்தித் தீர்க்கும் அந்தக் கிளிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், இங்கே மறுபடி போடப் போவதில்லை. கத்தியவர் பெரிய பதவிக்காரர். வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவருக்கு இரண்டு படி கீழே வேலை பார்க்கும் பெண். எனக்கு எரிச்சல் வந்தது நேற்று நிறுவனம் கொடுத்த விளக்கத்தைப் படித்த பிறகுதான். அந்த அதிகாரியை இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம். பிரச்சினை தீர்ந்ததாம்.

இரண்டு நாளில் என்ன நடக்கும் என்று இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் ஆளுமைச் சோதனை. உங்கள் குணத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, நீங்கள் சிவப்பா நீலமா என்று சொல்வார்கள். இரண்டாம் நாள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து நடித்துப் பார்ப்பது. கடைசியில் ஒரு படிவம்: பயிற்சியாளர் எப்படி, அறை எப்படி, ஐந்துக்கு எத்தனை. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது படியை அளக்க வேண்டுமென்றால் மூன்று மாதம் கழித்து அவருடைய டீமிடம் போய்க் கேட்க வேண்டும். யார் கேட்கிறார்கள்?

தலைமைப் பண்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குச் சான்றிதழ் வேண்டாம். அவருடைய காலண்டரைக் காட்டுங்கள், டீமுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

ஒரு அதிகாரி உண்மையிலேயே மாற நினைத்தால், ஒரே ஒரு நடத்தையை எடுக்க வேண்டும். 'தகவல் தொடர்பை மேம்படுத்துவேன்' என்பது நடத்தையே இல்லை, அது அப்ரைசல் படிவத்தில் எழுதுகிற வாசகம். 'கெட்ட செய்தி வந்தால், என் வாயிலிருந்து முதலில் வருவது கேள்வியாக இருக்கும்' என்பது நடத்தை. என்ன கேள்வி என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: யாருக்கெல்லாம் பாதிப்பு? இப்போது என்னிடமிருந்து என்ன வேண்டும்? 'ஏன் இப்படி ஆச்சு' என்பதை அன்றைக்குக் கேட்கக் கூடாது. அந்த நிமிடத்தில் அந்தக் கேள்வி குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும், வருகிற பதிலும் தற்காப்பாகத்தான் இருக்கும். காரணத்தை மறுநாள் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று இப்படிச் சூழ்நிலையோடு முடிச்சுப் போட்டு வைக்கும் திட்டம், வெறும் நல்லெண்ணத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, எடுத்துக்கொண்ட நடத்தை என்ன என்று டீமிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் கழன்றுகொள்ளும் இடம் இதுதான். சொன்னபின் மாதம் ஒருமுறை நான்கைந்து பேரிடம் தனித்தனியாக, 'இந்த விஷயத்தில் போன மாதம் நான் எப்படி? அடுத்த மாதம் எதை மாற்றலாம்?' என்று கேட்க வேண்டும். பதில் வந்ததும் 'நன்றி' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'இல்ல, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா...' என்று விளக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது. அடுத்த மாதம் எல்லோரும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்' என்பார்கள். சாரும் தான் மாறிவிட்டதாக நம்பிவிடுவார்.

தனிச் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாகக் கீழே வேலை பார்ப்பவர்கள் எட்டுப் பேர் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு அரை மணி நேரம். மொத்தம் நான்கு மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முதல் இருபது நிமிடம் எதைப் பேசுவது என்பதை வந்தவர் முடிவு செய்ய வேண்டும், வேலை நிலவரமெல்லாம் மெயிலில் வரட்டும். ஆனால் நிஜத்தில் நடப்பது என்ன? மூன்று மணிக்குச் சந்திப்பு. மேனேஜரின் லேப்டாப் பாதி திறந்திருக்கிறது, கண் ஓரமாகத் திரையில் மின்னும் அறிவிப்புகளில் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வேறு வேலை கிடைத்துவிட்டதைச் சொல்ல வந்தவர். இரண்டு தடவை ஆரம்பிக்கிறார். இரண்டு தடவையும் 'ஒரு நிமிஷம், சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்.' கடைசியில் 'ஒண்ணும் இல்ல சார், ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துடறேன்' என்று எழுந்துவிடுகிறார். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் வந்ததும் சாருக்கு அதிர்ச்சி: 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!'

கவனித்துக் கேட்பது பற்றி அந்த இரண்டு நாள் பயிற்சியில் பன்னிரண்டு ஸ்லைடு இருக்கும். ஏட்டுச் சுரைக்காய். காலண்டரைக் காட்டுங்கள்.

குறை சொல்வதிலும் இதே கதைதான். ஃபீட்பேக் கொடுத்தாலே நல்லது என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. 1996-இல் குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிவுகளில், ஃபீட்பேக்குக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டுவிட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குப் போய்விட்டால் இப்படி ஆகும் என்பது அவர்கள் தரும் விளக்கம். 'உனக்குப் பொறுப்பே இல்ல' என்றால் கேட்பவர் தன்னைப் பற்றித்தான் யோசிப்பார். 'செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் விலை ஸ்லைடில் பழைய எண் இருந்தது, அதற்குப் பிறகு வாடிக்கையாளர் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்' என்றால் ஸ்லைடைப் பற்றி யோசிப்பார். எப்போது, என்ன செய்தார், என்ன விளைவு. தனியாக, ஓரிரு நாளுக்குள். கிளிப்பில் இருந்த நாலு நிமிடத்தில் அந்தப் பெண் எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு வாக்கியமாவது இருந்ததா? இரண்டு முறை கேட்டேன். இல்லை.

'தலைமை பிறவியிலேயே வரணும், பயிற்சியெல்லாம் சும்மா' என்று நேற்றே நாலு பேர் கமெண்டில் எழுதிவிட்டார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த 2006 ஆய்வு ஒன்று இருக்கிறது, தெரியும். யார் தலைமைப் பதவிகளில் இருக்கிறார்கள் என்பதில் உள்ள வேறுபாட்டில் சுமார் 30 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கண்டார்கள். மீதி 70 எங்கே போயிற்று? தவிர, அவர்கள் அளந்தது பதவிக்கு வந்தார்களா என்பதை. வந்தபின் ஒழுங்காக நடந்தார்களா என்பதை இல்லை. பதவியைப் பிடிக்கும் திறமை சிலருக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

'நேரமில்லை' என்பவர்களுக்கு: வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் பதில் இல்லை.

'கடுமையா இருந்தாத்தான் ரிசல்ட் வரும்' என்பவர்களே, ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே ஆட்கள் பயப்படாமல் பிழையைச் சொன்னதுதான் காரணமாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். கத்துகிற இடத்தில் தவறு குறையாது, உங்கள் காதுக்கு வருவதுதான் குறையும். உங்கள் டீமிலிருந்து கெட்ட செய்தியே வருவதில்லை என்று பெருமைப்படுகிறவர்கள் கொஞ்சம் பயப்படுங்கள்.

இதையெல்லாம்விட என்னைக் குத்தியது இன்னொரு வகைக் கமெண்ட். 'அந்தப் பொண்ணு இதையெல்லாம் மனசுல ஏத்திக்கக் கூடாது', 'கார்ப்பரேட்னா அப்படித்தான்'. சரி. கத்தியவர் வளரப் பயிற்சி, செலவு, இரண்டு நாள் விடுதி. வாங்கியவருக்கு அறிவுரை, அதுவும் இலவசமாக, முகம் தெரியாத நூறு பேரிடமிருந்து. அந்த அழைப்பில் இருந்த மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களே, அவர்களும் நாளைக்கு மேனேஜர் ஆவார்கள். அவர்கள் அன்று எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? எந்த வகுப்பும் நடத்தாமலே அங்கே ஒரு தலைமைத்துவப் பயிற்சி நடந்து முடிந்துவிட்டது.

அந்த நிறுவனம் நிஜமாகவே ஏதாவது செய்ய நினைத்தால்: கத்தியது யார் முன்னால் நடந்ததோ அவர்கள் முன்னாலேயே அவர் மன்னிப்புக் கேட்கட்டும், 'ஆனால்' என்ற சொல் இல்லாமல். எந்த ஒரு நடத்தையை மாற்றப் போகிறார் என்று அங்கேயே சொல்லட்டும். மூன்று மாதம் கழித்து டீமிடம் பெயர் இல்லாமல் கருத்துக் கேளுங்கள். குறைந்தது ஐந்து பேராவது பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் என்றால் யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அதன்பிறகு யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். முடிவை அவருடைய மேலதிகாரியும் பார்க்கட்டும், போனஸ் முடிவாவதற்கு முன்னால்.

அதுவரை சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை யாரும் எனக்கு டேக் செய்ய வேண்டாம்.