கணவரைச் சகோதரர் என்று சொன்ன லூயி

1884. லண்டனில் ஒரு ஜோடிக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு 19 வயது. பெண்ணுக்கு டாய்லி கார்ட் ஓபரா கம்பெனியின் சுற்றுப்பயணக் குழுவில் கோரஸில் பாட இடம் கிடைக்கிறது. கணவருக்கும் அங்கேயே ஒரு இடம் வாங்கித் தர வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்தால் எடுக்க மாட்டார்களோ என்று பயம். அதனால் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டார்கள். மனைவியின் பெயரையே ஒட்டிக்கொண்டு ‘எச்.ஏ.ஹென்ரி’ என்று அவர் மேடை ஏறினார்.

அந்தப் பெண் லூயி ஹென்ரி. அந்தப் பையன் பிற்பாடு சர் ஹென்றி லிட்டன்.

அந்தக் கம்பெனி போட்டது லைட் ஓபரா, அதாவது பாட்டும் வசனமும் கிண்டலும் கலந்த இசை நாடகம். இங்கிலாந்தில் கில்பர்ட் எழுத, சல்லிவன் இசையமைக்க, டாய்லி கார்ட் கம்பெனி அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோனது. இன்று ஒரு ஊர், அடுத்த வாரம் இன்னொரு ஊர் என்று ரயிலும் வாடகை அறையுமாகவே வருஷம் ஓடும். ஒருவர் மட்டும் கம்பெனியில் இருந்தால் மாதக்கணக்கில் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் லூயி சொன்ன பொய்யை வேலைக்காகச் சொன்னதாக மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை. ஒரே ரயிலில் போக வேண்டும் என்பதற்காகவும் சொல்லியிருப்பார்.

மூன்று வருஷம் கழித்து லிட்டனுக்கு வாய்ப்பு வந்தது. 1887 ஜனவரி 22 அன்று லண்டன் சவாய் தியேட்டரில் கில்பர்ட்–சல்லிவனின் ‘ரடிகோர்’ அரங்கேறியது. சில நாளிலேயே கதாநாயக வேடமிட்ட ஜார்ஜ் கிராஸ்மித் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். மாற்றாள் லிட்டன்தான். இறங்கி ஆடினார், ஜெயித்தார். அப்போது கில்பர்ட் சொன்ன யோசனைப்படிதான் ‘லிட்டன்’ என்ற பெயர் வந்தது, மேரி லிட்டன் என்ற நடிகையை நினைத்து. மனைவியிடம் கடன் வாங்கிய பெயர் அதோடு போயிற்று.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு நிற்கிறது. லிட்டனைக் குறை சொல்ல வரவில்லை. 1934-ல் ஓய்வு பெறும்வரை, கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து கணக்கிட்டால் ஐம்பது வருஷம். 1930-ல் சர் பட்டம், அதுவும் கில்பர்ட்–சல்லிவன் பாத்திரங்களை நடித்ததற்காக. அத்தனைக்கும் தகுதியான கலைஞர். ஆனால் லூயியைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘லிட்டனின் மனைவி, அவரும் பாடினார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்களே, அது நியாயமில்லை. கம்பெனி வாசலைத் திறந்துவிட்டவர் அவர்.

லூயியுடையது மெஸ்ஸோ-சொப்ரானோ, அதாவது உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவான பெண்குரல். இந்த நாடகங்களில் கதாநாயகியின் காதல் பாட்டு பெரும்பாலும் அந்தக் குரலுக்குக் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் குறும்புக்காரத் தோழி, வாய்த்துடுக்கான பெண். ஆனால் அவை சின்ன வேலை இல்லை. ‘யோமென் ஆஃப் தி கார்ட்’ நாடகத்தில் திரை தூக்கியதும் கோரஸ் கிடையாது, கூட்டம் கிடையாது. ஃபீபி என்ற பெண் மட்டும் ராட்டையில் நூற்றபடி தனியாகப் பாடுகிறாள். சபை முழுவதையும் அடக்கி உட்கார வைக்க வேண்டியது அந்த மெஸ்ஸோ குரல்தான். அதே நாடகத்தின் முடிவில் கோமாளி ஜாக் பாயிண்ட் உணர்விழந்து விழுவதாகக் கில்பர்ட் எழுதியிருக்கிறார். லிட்டன் அதைச் சாவாகவே நடித்தார். கடைசியில் விழுபவனை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். திரை தூக்கும்போது பாடியவள் மறந்துபோகிறாள்.

அப்புறம் இன்னொரு ஜோடியையும் சொல்ல வேண்டும். இசிடோர் காட்ஃப்ரி 1929 முதல் 1968 வரை அதே கம்பெனியின் இசை இயக்குநர். மனைவி ஆன் டிரம்மண்ட்-கிரான்ட். 1930-களில் சொப்ரானோ என்ற உச்சக் குரலில் இளம் கதாநாயகி வேடங்கள் பாடியவர், 1950-களில் குரலை மாற்றிக்கொண்டு கான்ட்ரால்டோ என்ற தாழ்ந்த பெண்குரலோடு திரும்பி வந்தார். நாயகியாக இருந்தவர் நடுத்தர வயது அம்மாக்களாகவும் யாரும் கட்டிக்கொள்ள விரும்பாத சீமாட்டிகளாகவும் மேடையில் நின்றார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

1957-ல் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனி பதிவு செய்த கில்பர்ட்–சல்லிவனின் ‘மிகாடோ’வில் கத்திஷா என்ற சீமாட்டி வேடம் அவருடையது. வாத்தியக் குழுவை நடத்துவது கணவர். தான் நேசித்தவன் செத்துவிட்டான் என்று நம்பும் கத்திஷா, தான் மட்டும் உயிரோடு இருப்பதைச் சொல்லி அழுகிற பாட்டு ஒன்று அதில் உண்டு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். முதல் வரிகளில் வாத்தியங்கள் ஒதுங்கி, அவர் மூச்செடுக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் மெல்லச் சேர்கின்றன. எத்தனையோ இரவு பக்கத்தில் கேட்ட மூச்சு அது, எங்கே நிற்கும் என்று காட்ஃப்ரிக்குத் தெரிந்திருக்கும்.

1959-ல் ஆன் இறந்துபோனார். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் காட்ஃப்ரி அந்தக் கம்பெனியின் வாத்தியக் குழுவை நடத்தினார். கத்திஷாவாக வேறொருவர் வந்து பாட, மூச்சுக்காகக் காத்திருந்தார்.