ரிகவரி மூவ்மென்ட்னா "மாத்திரைய தூக்கி போடு" இல்ல சகோ

மேல ஒருத்தர் "ரிகவரி மூவ்மென்ட்ங்கிறது மாத்திரைய நிறுத்த சொல்ற கும்பல், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) வந்தா கடைசி வரைக்கும் அவ்ளோதான்"னு போட்ருக்காரு, லைக் வேற குவியுது. ரெண்டுமே தப்பு. ரிகவரி மூவ்மென்ட்ங்கிறது, மனநோய் வந்தவங்களும் தேறி நல்லா வாழ முடியும்னு சொல்ற இயக்கம்.

அந்த மூவ்மென்ட்ல முக்கியமான ஆள் பாட்ரிசியா டீகன், அமெரிக்காக்காரங்க. பதினேழு வயசுலயே ஸ்கிசோஃப்ரினியான்னு சொல்லிட்டாங்க, மாசக்கணக்கா நாற்காலில உக்காந்து சிகரெட் பிடிச்சதுதான் அவங்க வாழ்க்கை. அப்புறம் கார்ல கூட போறது, புதன்கிழமை கடைக்கு போறது, தோழிகிட்ட கொஞ்ச நேரம் பேசறதுன்னு ஆரம்பிச்சு, பின்னாடி க்ளினிக்கல் சைக்காலஜில டாக்டரேட்டே வாங்கினாங்க. மாத்திரை வேணாம்னு அவங்க பிரச்சாரம் பண்ணல, நோயாளியும் டாக்டரும் உக்காந்து பேசி மருந்த முடிவு பண்ணணும்னு அதுக்கு ஒரு சாஃப்ட்வேரே பண்ணாங்க (இது எப்டி மருந்து எதிர்ப்பு ஆகும்னு அவருதான் சொல்லணும்). மருந்து வேணாம்னு சொல்றவங்களும் அந்த பக்கம் இருக்காங்கதான், ஆனா அதுவே மொத்த மூவ்மென்ட் இல்ல.

"அவ்ளோதான்" மேட்டருக்கு வரேன். அமெரிக்காவுல வெர்மான்ட் ஸ்டேட் ஹாஸ்பிட்டல்ங்கிற மனநல ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா கிடந்த, இனி தேறமாட்டாங்கன்னு ஒதுக்கின 269 பேர 1950கள்ல மறுவாழ்வு ப்ரோக்ராம்ல சேத்து வெளிய அனுப்பினாங்க. சராசரியா 32 வருஷம் கழிச்சு கோர்ட்னி ஹார்டிங்ங்கிற ஆராய்ச்சியாளரோட டீம் தேடிப்போய் பாத்தா, பாதிக்கும் மேல நல்லா முன்னேறிட்டாங்க, இல்ல தேறிட்டாங்க. 1987ல பப்ளிஷ் ஆச்சு.

மீதி பேர் கஷ்டப்பட்டதும் உண்மை, அத மறைக்கல. ஆனா இந்த கமென்ட படிச்சிட்டு யாரும் மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க.