'வெளிப்படுத்திக்கொள்ளுதல்' என்ற சொல்லில் இருக்கும் 'கொள்'

2019 மே மாதம், இந்திய ஓட்டப்பந்தய வீராங்கனை டுட்டி சந்த் தம் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணுடன் தாம் உறவில் இருப்பதாக ஓர் ஆங்கில நாளிதழிடம் சொன்னபோது, எல்லாரும் எழுதிய முதல் சொல் 'துணிச்சல்'. நானும் அதைத்தான் எழுதினேன். அடுத்த சில நாட்களில் வந்த செய்திகளை ஒழுங்காகப் படித்திருந்தால், அவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

அவருடைய அக்கா அந்த உறவை எதிர்த்து ஊடகங்களிடம் பேசினார். அக்கா 25 லட்சம் ரூபாய் கேட்டுத் தம்மை மிரட்டியதாகவும், அதனாலேயே இதை வெளியில் சொல்ல நேர்ந்ததாகவும் டுட்டி செய்தியாளர்களிடம் கூறினார். அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் 'நம் பண்பாடு இதை ஏற்காது' என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு விவகாரத்தின் நடுவில் பணமும் சொத்தும் வந்து உட்கார்ந்திருந்ததை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில், ஏழு பிள்ளைகள் உள்ள நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் டுட்டி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றதற்காக, மாநில அரசு அவருக்கு 3 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. சம்பாதிக்கிற மகளின் கல்யாணம் என்றாலே வீட்டில் ஒரு கணக்கு ஓடும். மாப்பிள்ளை ஆணாக இருந்தாலும் ஓடும். விளையாட்டால் முன்னுக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளையின் உடம்பில் அப்பாவின் கடன், பயிற்சியாளரின் உழைப்பு, ஊரின் பெருமை, மாநிலத்தின் பதக்கப் பட்டியல் என்று பலருடைய முதலீடு இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் விருப்பம் இன்னது என்று வாய் திறக்கும்போது, முதலீடு செய்தவர்களுக்கெல்லாம் அது தங்களைக் கேட்காமல் எடுத்த முடிவாகப் படுகிறது. அந்தக் கோபத்துக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்தான் பண்பாடு என்பது என் எண்ணம்.

சரி, அப்படியிருந்தும் அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்து வாழும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பு தமக்குத் தைரியம் தந்ததாக அவரே கூறியிருக்கிறார். அதோடு அவர் கையில் பதக்கங்களும் சொந்தச் சம்பாத்தியமும் இருந்தன. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். உடலில் ஆண்மை ஹார்மோன் கூடுதலாக இருப்பதாகச் சொல்லி 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, அவர் ஒதுங்கிப் போகாமல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை சென்று வாதாடினார். 2015 ஜூலையில் அந்த நீதிமன்றம் அந்த ஹார்மோன் விதியை நிறுத்தி வைத்தது. தன் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை நாடே தேநீர்க் கடையில் விவாதித்துவிட்ட பிறகு, ஒருவருக்கு மறைப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இங்கேதான் எனக்குச் சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருகிறார். புதுக்கோட்டைப் பெண், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கத்தை இழந்தவர், பின்னாளில் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றவர். அவர் தம்மைப் பற்றி எதையும் அறிவிக்கவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் அறிவித்தார்கள். இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்பது எனக்குத் தெரியும். பாலியல் ஈர்ப்பையும் உடற்கூற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் ஊடகங்களின் பழைய நோய். ஆனால் தமிழ் இலக்கணம் இந்த இருவருக்கும் இடையில் ஒரு கோடு போடுகிறது: ஒன்று 'வெளிப்படுத்தப்படுதல்', மற்றது 'வெளிப்படுத்திக்கொள்ளுதல்'. அந்த 'கொள்' என்ற சின்னத் துணைவினையில்தான் ஒரு மனிதரின் மானம் முழுவதும் இருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து முந்திக்கொண்டு சொல்ல நேர்ந்தால், அந்தக் 'கொள்'ளில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை.

ரஷ்யாவின் டென்னிஸ் வீராங்கனை டாரியா கசட்கினா 2022இல் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் நாட்டின் முதல்நிலை வீராங்கனை. அதே ஆண்டின் இறுதியில் அங்கே அதைப் பற்றிப் பேசுவதற்கு எதிரான சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. 2025இல் அவர் ஆஸ்திரேலியாவுக்காக ஆடத் தொடங்கினார். தனியாள் ஆட்டம், வெளிநாட்டில் வாழ்க்கை, தன் பெயருக்கு வரும் பரிசுப் பணம்: இவையெல்லாம் இருந்ததால் நாட்டையே மாற்றிக்கொள்ள முடிந்தது. விளையாட்டு விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயதுத் தொடரோட்டக்காரிக்குத் தன் அறையைக்கூட மாற்றிக்கொள்ள முடியாது.

எனக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் நான்கு பேர் தொடரோட்ட அணியில் மூன்றாவது ஓடியவளைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அவள் எதையும் சொல்லவில்லை. யாரோ ஒரு கடிதத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். யாரும் அவளைத் திட்டவுமில்லை. ஆனால் ஓட்டத்துக்கு முன் தசைகளைத் தளர்த்தும் பயிற்சிக்கு இன்னொருத்தி வேண்டும்: ஒருத்தி மல்லாந்து படுக்க, மற்றவள் அவள் காலைத் தன் தோளில் தாங்கி மெல்ல முன்னால் தள்ளுவாள். அந்த வாரத்திலிருந்து அவளுக்கு ஜோடி அமையவில்லை. ஒருத்தி முன்பே முடித்துவிட்டதாகச் சொல்வாள், இன்னொருத்திக்குத் தோள் வலிக்கும். அவள் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, அதன் இரு முனைகளையும் தானே இழுத்துப் பழகிக்கொண்டாள். பேட்டனை அவள் கையிலிருந்து வாங்கி ஓடிய நான்காவது ஆள் நான். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினால் பேட்டன் உள்ளங்கையில் வந்து விழும், அவ்வளவு நம்பினேன். தோளைக் கொடுக்கவில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் அவள் விளையாட்டை விட்டாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கக்கூடிய வேலையும் அதோடு போயிற்று.

தம்மை வெளிப்படுத்திக்கொள்பவர்களிடம் நாம் புனிதத்தையும் சேர்த்துக் கேட்கிறோம். டுட்டி அதே 2019 ஜூலையில் நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 11.32 விநாடியில் 100 மீட்டர் தங்கம் வென்றபோது, திட்டியவர்களில் பலர் வாழ்த்தினார்கள். 2023இல் ஊக்கமருந்து வழக்கில் நான்கு ஆண்டுத் தடை வந்ததும், 'அப்போதே தெரியும்' என்றார்கள். எது தெரியும்? தடை பெற்றவர்கள் பட்டியலில் ஆணும் பெண்ணுமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தவற்றுக்கு யாரும் அவர்களுடைய கணவனையோ மனைவியையோ காரணம் காட்டியதில்லை. தவறு செய்தால் தண்டனை பெறட்டும். அவர் யாரோடு வாழ்கிறார் என்பது அந்த வழக்கில் சாட்சியமல்ல.

திருநங்கை வீராங்கனைகளின் நிலை இதைவிடக் கடினம். சர்வதேசப் பெண்கள் கிரிக்கெட்டில் ஆண் பருவமடைதலைக் கடந்தவர்கள் ஆட முடியாது என்று 2023 நவம்பரில் ஐசிசி விதி வகுத்துவிட்டது. அவர்களுக்கு உண்மையைச் சொல்வதும் ஆட்டத்தை இழப்பதும் ஒன்றாகவே வருகின்றன. அந்த விதியின் நியாய அநியாயம் தனிப் பதிவுக்கு உரியது.

டுட்டியின் செய்தி வந்த அன்று, எங்கள் பழைய அணியின் வாட்ஸாப் குழுவில் முப்பதுக்கு மேல் செய்திகள் வந்தன. 'பாவம், பெற்ற தாய்க்கு எப்படி இருக்கும்' என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். நான் 'துணிச்சலான பெண்' என்று எழுதிவிட்டு, ஏதோ செய்துவிட்ட திருப்தியுடன் போனைக் கீழே வைத்தேன். மூன்றாவது ஓடியவளின் எண்ணும் அதே குழுவில்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு அது உறைத்தது. அதற்குள் அவள் எல்லாவற்றையும் படித்திருந்தாள்.