கார்பைடு கல்லும் கச்சா எண்ணெயும்

கச்சா எண்ணெய் உயிரினங்களிலிருந்து வந்ததல்ல, பூமியின் ஆழத்தில் தானாகவே ஊறுகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 1877லேயே ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் சொன்னதுதான்: ஆழத்தில் இருக்கும் இரும்பு கார்பைடின் மேல் தண்ணீர் பட்டு எண்ணெய் உண்டாகிறது என்றார். செவ்வாய்ப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன் நான். கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டதும் குபுகுபுவென்று கேஸ் கிளம்பும், பூண்டு நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதனால் அவர் சொன்னது எனக்குச் சட்டெனப் புரிந்தது.

சரி, ஆனால் 1934இல் ஜெர்மன் வேதியியலாளர் டிரைப்ஸ் எண்ணெய்க்குள் போர்பிரின் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தாரே! இலைப் பச்சையத்தின் மிச்சம் அது; எண்ணெய் உயிரினங்களிலிருந்து வந்ததற்கு அடையாளம். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. அப்புறம், ஆழத்திலிருந்துதான் வருகிறதென்றால் பூமியின் ஆழத்தில் உருவான நம் ஏற்காட்டுச் சார்னகைட் பாறையிலும் கொஞ்சமாவது கசிந்திருக்க வேண்டாமா? எண்ணெய் கிடைப்பதென்னவோ நரிமணம் பக்கம், காவிரிப் படுகையின் வண்டல் பாறையில்.