ரூத் கெலிகோலானியைப் பிடிவாதக்காரி என்பவர்களுக்கு

ஹவாய் வரலாற்றைச் சொல்பவர்கள் ரூத் கெலிகோலானியை அறிமுகப்படுத்தும் விதத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறடி உயரம், பெரிய உடம்பு, உடைந்த மூக்கு, ஆங்கிலம் பேச மறுத்த பிடிவாதம். அவ்வளவுதான். ஹவாய் தனி முடியரசாக இருந்த காலத்தில் அதன் இளவரசி, 1855 முதல் 1874 வரை ஹவாய்த் தீவை ஆளுநராக நிர்வகித்தவர் என்பது அதற்கப்புறம்தான் வரும், அதுவும் வந்தால்.

1826-இல் பிறந்தவர். முதலாம் கமேஹமேஹா மன்னரின் கொள்ளுப்பேத்தி. பிரசவத்திலேயே தாய் இறந்துவிட, வளர்த்தது காஅஹுமானு அரசி. பெண்கள் ஆண்களோடு சேர்ந்து உண்ணக்கூடாது என்ற பழைய விலக்கை 1819-இல் உடைத்தவர்களில் முக்கியமானவர் அவர். அடுத்த ஆண்டே அமெரிக்க மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். ரூத்தின் தந்தை யார் என்பதில் இரண்டு பெயர்கள் சொல்லப்பட்டன. ஹவாய் வழக்கப்படி ஒரு பிள்ளைக்கு இரண்டு தந்தையர் இருப்பது குலத்துக்குப் பெருமை. மிஷனரிகள் கொண்டுவந்த ஒழுக்கத்தில் அதுவே களங்கமாகிப்போனது. அரசுரிமைப் பேச்சு வந்தபோது அது அவருக்கு எதிராகவே திரும்பியது.

அவருக்கு ஆங்கிலம் புரியும். பேசமாட்டார், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் யார் வந்தாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கைலுவாவில் எரிமலைக் கல்லால் கட்டிய ஹுலிஹே அரண்மனை அவருக்குச் சொந்தம். ஆனால் அவர் தூங்கியது அதே வளாகத்தில் இருந்த புல்வேய்ந்த வீட்டில். பழைய தெய்வங்களையும் விடவில்லை. இதையெல்லாம் பழமைவாதம் என்று ஒதுக்குபவர்கள் அந்தக் காலத்தை மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வந்த நோய்கள் ஊர் ஊராக மக்களைக் கொன்றுகொண்டிருந்தன. ரூத்தின் முதல் கணவர் 1848-இல் தட்டம்மையில் போனார். அதே ஆண்டுதான் நிலத்தைத் தனிச்சொத்தாகப் பிரித்த மகேலே நடந்தது. 1876-இல் அமெரிக்காவோடு வரியில்லா வர்த்தகம் வந்ததும் கரும்புத் தோட்டக்காரர்களின் கை ஓங்கியது. எல்லோரும் வளைந்துகொடுத்த நேரத்தில் ஒரு பெண், அதுவும் அதிகாரத்தில் இருந்த பெண், என் மொழியில்தான் என்னோடு பேசவேண்டும் என்று நின்றதை நான் அரசியலாகத்தான் பார்க்கிறேன்.

1880 நவம்பரில் ஹவாய்த் தீவின் மௌனலோவா எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு கோடையில் நெருப்புக்குழம்பு ஹிலோ ஊரை நெருங்கிவிட்டது. தேவாலயங்களில் ஜெபம் நடந்தது, குழம்பு நிற்கவில்லை. மக்கள் ரூத்தை அழைத்தார்கள். அவர் வந்து, குழம்பின் ஓரத்தில் நின்று மந்திரம் ஓதி, ஓஹேலோ பழங்கள், பிராந்தி, சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகள் எல்லாம் எரிமலைத் தெய்வமான பேலேக்குப் படைத்தார். அதற்குப் பிறகு குழம்பு நின்றது என்று இன்றும் சொல்கிறார்கள். 1881 ஆகஸ்டில் அது ஊருக்கு வெளியே நின்றது உண்மை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஊர் பயந்து நடுங்கியபோது மக்கள் யாரைத் தேடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அவரை நவீனம் தெரியாதவர் என்பதும் தவறு. பத்திரம், பட்டா, உயில் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் செய்ததெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. அரச நிலங்கள் யார் அரியணையில் இருக்கிறாரோ அவருக்கே என்று 1864-இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 1880-இல் அந்த நிலங்களில் தனக்குப் பாதி உரிமை உண்டென்று, சர்க்கரைப் பெருமுதலாளி கிளாஸ் ஸ்ப்ரெக்கெல்ஸுக்கு அந்த உரிமையைப் பத்தாயிரம் டாலருக்கு எழுதிக்கொடுத்தார். அதை வைத்தே ஸ்ப்ரெக்கெல்ஸ் 1882-இல் மௌவி தீவில் 24,000 ஏக்கரைச் சொந்தமாக்கிக்கொண்டார். ரூத்தின் மேல் எனக்குள்ள மரியாதையோடுதான் சொல்கிறேன், அது பெரிய தவறு. விலைபோனது அவருடைய சொத்து மட்டும் இல்லை.

1883 மே மாதம், கைலுவாவில் அதே புல்வீட்டில் இறந்தார். பெற்ற மகனும் தத்தெடுத்த மகனும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். ஏறக்குறைய 3,53,000 ஏக்கர் நிலத்தையும் தன் உறவுக்காரப் பெண்ணான பெர்னிஸ் பௌவாஹி பிஷப்புக்கு எழுதிவைத்தார். மறு ஆண்டே பௌவாஹியும் இறந்தார். அவருடைய உயிலின்படி 1887-இல் கமேஹமேஹா பள்ளி தொடங்கியது. ஹவாய்ப் பிள்ளைகளுக்கான பள்ளி, ஆனால் பாடமொழி ஆங்கிலம். பள்ளிக்குப் பெயர் பௌவாஹியால் வந்தது, நிலத்தில் பெரும்பகுதி ரூத்திடமிருந்து வந்தது. இதை எத்தனை பேர் சேர்த்துச் சொல்கிறார்கள்?

ஹோனலுலுவில் அவர் ஆசையாகக் கட்டிய கியோவா மாளிகையின் கதை இன்னும் கொடுமை. அதில் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1893-இல் அரசாட்சியைக் கவிழ்த்தவர்களின் ஆட்சியில் அங்கே ஆங்கில உயர்நிலைப்பள்ளி குடியேறியது. 1896-இல் பள்ளிகளின் பாடமொழி ஆங்கிலம்தான் என்று சட்டமே வந்தது. 1920-களில் மாளிகையை இடித்தும்விட்டார்கள். அதே இடத்தில் இன்று இருக்கும் நடுநிலைப்பள்ளிக்கு 2021-இல்தான் இளவரசி ரூத் கெலிகோலானி பெயரை வைத்திருக்கிறார்கள்.